இந்தப் புள்ளிக்கு எந்தக் கலர், டீச்சர்? - பள்ளி மதிலில் உலகப் படம் வரைந்த பதிவு

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது, எங்கள் பள்ளி வாசலில் இருந்த வாகை மரம் மதில்மேல் சாய்ந்தது. அந்த மதிலில்தான் பழைய உலகப் படம் இருந்தது. மதில் பிறகு புதிதாக எழுந்தது, படம் எழவில்லை. வேதாரண்யம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி எங்களுடையது. நான் 6 முதல் 8 வரை சமூக அறிவியல் எடுக்கிறேன். கண்டங்கள் பாடம் வரும்போதெல்லாம் சுருட்டி வைத்த காகிதப் படத்தை ஆணியில் மாட்டுவேன். கடல் காற்று அடித்து அது ஆடிக்கொண்டே இருக்கும். பின்பெஞ்சிலிருந்து பார்த்தால் இலங்கையே சரியாகத் தெரியாது, மொரீஷியஸ் எங்கே தெரியப் போகிறது? இந்த வருடம் தை பிறந்ததும் சரி, ஆரம்பித்துவிடுவோம் என்று இறங்கினேன்.

செய்ததை எழுதி வைக்கிறேன். வேறு பள்ளியில் யாராவது சுவரில் உலகம் வரைய நினைத்தால், நாங்கள் தடுக்கிய இடங்களாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பெரிய நிலங்களை வரைவதில் அவ்வளவு சிரமம் இல்லை. எங்களுக்கு நான்கு சனிக்கிழமை தின்றது தீவுகள்தான்.

முதலில் சுவர். எங்கள் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு. பூச்சு வேலைக்கு அந்தத் தண்ணீரையே ஊற்றியிருந்தார்கள் போல, மதில் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. இரண்டு வருடம் முன்பு இதன்மேலேயே அப்படியே உயிரெழுத்து எழுதிப் பார்த்தோம். ஐப்பசி மழையில் வண்ணம் பொருக்குத் தட்டி, தோலாக உரிந்து விழுந்தது. அதனால் இந்த முறை அவசரப்படவில்லை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, குளத்திலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து மூன்று தடவை கழுவி, பத்து நாள் வெயிலில் காயவிட்டோம். மறுபடி கொஞ்சம் பூத்தது. அதை ஈரத்துணியால் துடைக்காமல் உலர்ந்த பிரஷ்ஷால் தள்ளினோம். ஈரம் பட்டால் உப்பு திரும்பச் சுவருக்குள்ளேயே இறங்கிவிடும். பிறகு உப்புத்தாள் போட்டு, ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் வெளிச்சுவர் எமல்ஷன்.

வரைவதற்கு ஒரு பெயிண்டர் அண்ணன் வந்தார். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்பு இந்தச் சுற்றுவட்டாரத்தில் சுவர் விளம்பரம் எல்லாம் அவர் கை எழுத்துதான். எழுத்துக்குப் போடுகிற அதே கட்டம்தான் படத்துக்கும் என்று அவரே சொன்னார். மதில் 20 அடி நீளம், 8 அடி உயரம். ஒரு அடிக்கு 20 பாகை என்று வைத்துக்கொண்டோம். அப்படியென்றால் 10 பாகைக்கு அரை அடி, கணக்குப் போடவே வேண்டாம். நூலில் நீலப்பொடி தடவி, இரண்டு பக்கமும் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டால் கோடு விழுந்துவிடும். கிடைமட்டத்துக்கு டியூபில் தண்ணீர் பிடித்துப் பார்த்தோம், நெடுக்குக் கோட்டுக்குத் தூக்குக்குண்டு. வடக்கே 80 பாகையிலிருந்து தெற்கே 60 வரை எடுத்தால் 7 அடி. கீழே மிஞ்சிய ஒரு அடியைக் குறிப்பு எழுத விட்டோம். பூமத்திய ரேகை தரையிலிருந்து 4 அடியில் வந்தது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் மோவாய் உயரம்.

இந்த வகைக் கட்டத்தில் ஒரு குறை உண்டு. வடக்கே போகப் போக நிலம் கிழக்கு மேற்காக இழுபடும். 60 பாகையில் இரண்டு மடங்கு, கிரீன்லாந்தின் நடுவில் மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் பிள்ளைகள் பாகையை விரலால் எண்ணி ஓர் ஊரைக் கண்டுபிடிக்க இதைவிட எளிதான கட்டம் இல்லை. அதற்காக அந்தக் குறையை ஏற்றுக்கொண்டேன். கிரீன்லாந்து ஆப்பிரிக்காவில் 14-ல் ஒரு பங்குதான் என்று கீழே எழுதியும் வைத்தோம்.

அடுத்தது, படத்தை எங்கே வெட்டுவது. அட்லஸில் இருப்பதுபோல 180 பாகைக் கோட்டில் வெட்டினால் பசிபிக் இரண்டாகப் பிளந்து, பாதி இந்த ஓரத்திலும் பாதி அந்த ஓரத்திலும் போய்விடும். கிரிபாட்டி என்று ஒரு நாடு. அங்குள்ளவர்கள் வாயில் அது கிரிபாஸ். மொத்தம் 33 தீவுகள். பூமத்திய ரேகைக்கு இருபுறமும், 180 பாகைக் கோட்டுக்கும் இருபுறமும் சிதறிக் கிடக்கிறது. நிலத்தையெல்லாம் சேர்த்தால் எங்கள் மாவட்டத்தைவிடச் சிறியது, ஆனால் எங்கள் சுவரில் இரண்டு அடி அகலத்துக்குப் பரவியிருக்கிறது. தேதிக்கோடு நாட்டின் நடுவே போனதால் ஒரு பக்கம் வெள்ளிக்கிழமை, மறுபக்கம் வியாழக்கிழமை என்று இருந்தது. 1995 ஜனவரி 1 முதல் அந்தக் கோட்டைத் தங்கள் நாட்டுக்குக் கிழக்கே வளைத்துக்கொண்டார்கள். நாடு முழுக்க ஒரே தேதி வரவேண்டும் என்று கோட்டையே நகர்த்திய நாட்டை, நான் சுவரின் இரண்டு மூலையில் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் அட்லாண்டிக்கில், மேற்கு 30 பாகையில் வெட்டினோம். இடது ஓரத்தில் ஆப்பிரிக்கா, வலது ஓரத்தில் அமெரிக்கா, நடுவில் பசிபிக் முழுசாக. இப்போது கிரீன்லாந்து வெட்டுப்பட்டது. 360 பாகைக்கு 18 அடிதானே போனது, இன்னும் இரண்டு அடி இருக்கிறதே என்று அண்ணன் சொன்னார். வலது பக்கம் ஒரு அடி, அதாவது 20 பாகை, கூடுதலாக நீட்டினோம். கிரீன்லாந்து முழுசாக வந்தது. ஐஸ்லாந்து இரண்டு ஓரத்திலும் வருகிறது. அதை அப்படியே விட்டோம். அட்லாண்டிக்கின் நடுவே கடலடியில் ஓடும் பிளவு ஐஸ்லாந்தின் மேல்தான் நிலத்தில் தெரிகிறது. பூமியின் மேலோடு பெரிய தட்டுகளாகப் பிரிந்து நகர்கிறது அல்லவா, தீவின் மேற்குப் பாதி அமெரிக்கத் தட்டில், கிழக்குப் பாதி ஐரோப்பியத் தட்டில், வருடத்துக்கு 2 சென்டிமீட்டர் அளவில் இரண்டும் விலகுகின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் நார்வேப் பக்கத்திலிருந்து போய்க் குடியேறிய மக்கள், அவர்கள் மொழி, இன்றைய உறவு எல்லாம் ஐரோப்பா. எனவே இரண்டு இடத்திலும் ஐரோப்பாவின் ஊதா நிறமே அடித்தோம்.

ஆசியாவுக்கு மஞ்சள், ஆப்பிரிக்காவுக்குப் பச்சை, ஐரோப்பாவுக்கு ஊதா, வட அமெரிக்காவுக்கு ஆரஞ்சு, தென் அமெரிக்காவுக்கு ரோஸ், ஆஸ்திரேலியாவுக்குச் செங்கல் நிறம். அண்டார்டிகா எங்கள் 60 பாகைக்குக் கீழே போய்விட்டது. பெரிய நிலங்களுக்கு நிறம் அடித்து முடிக்க ஒரே நாள்தான் ஆனது. மறுவாரம் அண்ணன் மெல்லிய பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில் ஒரு புள்ளியைக் காட்டிக் கேட்டார்.

"இந்தப் புள்ளிக்கு எந்தக் கலர், டீச்சர்?"

சைப்ரஸ். துருக்கிக் கரையிலிருந்து 70 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. கிரேக்கத்துக்குப் பல நூறு கிலோமீட்டர் போகவேண்டும். அப்படியானால் மஞ்சள். ஆனால் 2004-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடு. அப்படியானால் ஊதா. ஐ.நா. புள்ளியியல் பிரிவு வைத்திருக்கும் எம்49 என்ற நாட்டுப் பட்டியலில் அது மேற்கு ஆசியா. ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிகளில் ஆடுவதும் அதே சைப்ரஸ்தான். பிள்ளைகள் ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள். அதே வருடம் ஒன்றியத்தில் சேர்ந்த மால்டாவுக்கு யாரும் வாய் திறக்கவில்லை, ஊதா என்று உடனே முடிந்துவிட்டது. அண்ணன் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அன்று வேறு வேலை நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது எனக்கு என் அம்மா ஊர் ஞாபகம் வந்தது. அது கொள்ளிடக் கரை. ஆற்றுக்கு நடுவே திட்டுகள் உண்டு, அதில் குடும்பங்கள் இருக்கின்றன, வாழையும் காய்கறியும் போடுகிறார்கள். திட்டின் மண் எந்தக் கரையுடையதும் இல்லை, ஆறு கொண்டுவந்து போட்டது. ஆனால் ரேஷன் கார்டு ஒரு கரையில் இருக்கிறது. பெண் கொடுத்தது இன்னொரு கரையில் இருக்கலாம். மேட்டூர் நிரம்பித் தண்ணீர் திறந்தால் படகு எந்தக் கரைக்கு வருமோ, அந்தக் கரைப் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்குவார்கள். "இந்தத் திட்டு எந்தக் கரை?" என்று கேட்டால், எதற்காகக் கேட்கிறீர்கள் என்றுதான் அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். நிலவரி கட்டவா, வெள்ளத்துக்கு ஒதுங்கவா, கல்யாணத்துக்கா?

தீவு நாடுகளுக்கும் அதே கேள்விதான். கண்டம் என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டு விஷயத்தைப் போட்டு அடைக்கிறோம். ஒன்று பாறை: கடலடியில் எந்த நிலத்தோடு ஒட்டியிருக்கிறது என்பது. இன்னொன்று கணக்கு: மக்கள் எந்தக் கூட்டத்தோடு சேர்ந்து இருக்கிறார்கள், எந்தப் பட்டியலில் எண்ணப்படுகிறார்கள் என்பது. பெரிய நிலப்பரப்பின் நடுவில் இருக்கும் நாட்டுக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கும், அதனால் நமக்கு உறைப்பதில்லை. தீவுக்குப் பல நேரம் இரண்டும் வேறு வேறு. நான் இத்தனை வருடம் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்பது அந்தச் சனிக்கிழமைதான் எனக்குப் புரிந்தது.

அதனால் சுவரில் இரண்டு அடையாளம் வைத்தோம். உள்நிறம், எம்49 பட்டியல்படி. நாடுகளை இப்படிப் பிரித்திருப்பது புள்ளிவிவர வசதிக்காகத்தான், அரசியல் நோக்கம் எதுவும் இல்லை என்று அந்தப் பட்டியலே சொல்கிறது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. இரண்டாவது அடையாளம் கடலில். கரையோரத்தில் 200 மீட்டர் ஆழம் வரை இருக்கும் கண்டத் திட்டுக்கு இளநீலம், அதற்கு அப்பால் அடர்நீலம்.

இளநீலம் அடிக்க ஆரம்பித்ததும் படம் மாறிவிட்டது. இதை நேரில் பார்க்க வேண்டும். பிரிட்டனும் அயர்லாந்தும் ஐரோப்பாவின் இளநீலத்துக்குள் வந்தன. சுமத்ரா, ஜாவா, போர்னியோ மூன்றும் மலாய் முனையோடு ஒரே பட்டையில் சேர்ந்தன. நியூ கினியும் டாஸ்மேனியாவும் ஆஸ்திரேலியாவோடு சேர்ந்தன. இந்த இரண்டு பட்டைக்கும் நடுவே, பாலித் தீவுக்கும் லொம்போக் தீவுக்கும் இடையில் அடர்நீலக் கீற்று ஒன்று விழுந்தது. சுவரில் அது கால் அங்குலம்கூட இல்லை. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தத் தீவுகளில் அலைந்து, இந்தப் பக்கம் ஆசிய விலங்குகள், அந்தப் பக்கம் ஆஸ்திரேலியச் சாயல் என்று கண்டுபிடித்த கோடு அங்கேதான் போகிறது. பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் கீழே இறங்கியபோதும் அந்த நீரிணை வற்றவில்லை, விலங்குகள் நடந்து கடக்க வழியில்லை. இந்தோனேசியா என்ற ஒரே நாடு, 17,000-க்கு மேல் தீவுகள், அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது.

நியூ கினி உலகிலேயே இரண்டாவது பெரிய தீவு. அதைப் பாதி மஞ்சள், பாதி செங்கல் நிறமாக அடிக்கவேண்டி வந்தது. எல்லை கிட்டத்தட்ட நேர்க்கோடு, 141 பாகையில், நடுவில் ஃப்ளை ஆறு இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன வளைவு. மேற்குப் பாதி இந்தோனேசியா என்பதால் ஆசியா. கிழக்குப் பாதி 1975-ல் விடுதலை பெற்ற பப்புவா நியூ கினி, அது ஓசியானியா, அதாவது ஆஸ்திரேலியாவும் பசிபிக் தீவுகளும் சேர்ந்த வட்டாரம். பாறை ஒன்று, மலை ஒன்று, நிறம் இரண்டு. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், "ஒரே வீட்ட நடுவுல சுவர் வச்சுப் பிரிச்ச மாதிரி இருக்கு டீச்சர்" என்றான். அது சரியான விளக்கம்தான், நான் எதையும் சேர்க்கவில்லை. பக்கத்தில் கிழக்குத் திமோர். 2002-ல் விடுதலை பெற்ற நாடு, பட்டியலில் தென்கிழக்கு ஆசியா, 2025 அக்டோபரில் ஆசியான் அமைப்பில் 11-ஆவது உறுப்பாகவும் சேர்ந்தது. ஆனால் அந்த மலைகள் ஆஸ்திரேலியத் தட்டின் விளிம்பு வந்து முட்டியதில் எழுந்தவை. மஞ்சள் அடித்தோம்.

ஓசியானியா என்று நான் எழுதியதற்கே ஒரு வழக்கு வந்தது. பாடப் புத்தகத்தில் ஏழு கண்டம், அதில் ஒன்று ஆஸ்திரேலியா. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அப்போ ஃபிஜி எந்தக் கண்டம் டீச்சர்? ஆஸ்திரேலியாவா?" ஃபிஜியில் போய் நின்று அப்படிச் சொன்னால் அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கண்டம் என்று பாறையைக் கேட்டால் ஃபிஜி எந்தக் கண்டத்திலும் இல்லை. வட்டாரம் என்று கேட்டால் ஓசியானியா. இந்த விடையைச் சொல்ல எனக்கு முதலில் தயக்கமாக இருந்தது, தேர்வில் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்று. ஆனால் அதுதான் உண்மை. ஓசியானியாவில் மொத்தம் 14 சுதந்திர நாடுகள். அதற்குள் மெலனீசியா, மைக்ரோனீசியா, பொலினீசியா என்று பிரித்து எழுதுவதா என்றும் பேசினோம். 1830-களில் துய்மோன் துர்வீல் என்ற பிரெஞ்சுக் கடலோடி இப்படிப் பிரித்தார். மெலனீசியா என்றால் கறுத்த மக்களின் தீவுகள். தோல் நிறத்தைப் பார்த்து வெளியாள் வைத்த பெயர். இன்று அந்த நாடுகளே அந்தப் பெயரில் கூட்டமைப்பு நடத்துகின்றன என்றாலும், பிள்ளைகள் முன்னால் அதைப் பெரிதாக எழுத எனக்கு மனம் வரவில்லை. ஓசியானியா என்று மட்டும் எழுதினோம்.

இன்னொரு கேள்வி. "ஆஸ்திரேலியாவச் சுத்தியும் தண்ணிதானே, அது ஏன் தீவு இல்ல? கிரீன்லாந்து ஏன் கண்டம் இல்ல?" இத்தனை சதுர கிலோமீட்டருக்கு மேல் கண்டம் என்று சட்டம் எதுவும் கிடையாது. ஆஸ்திரேலியா தனக்கென்று தனித் திட்டும் மிகப் பழைய பாறையடித்தளமும் உள்ள நிலம், கிரீன்லாந்து வட அமெரிக்கத் தட்டின் ஒரு துண்டு. இது பாறையின் காரணம். மிச்சம் வழக்கம். நியூசிலாந்தைப் பற்றிச் சொன்னபோது எல்லோரும் சுவருக்குக் கிட்டே வந்துவிட்டார்கள். அதன் அடியில் ஏறத்தாழ 49 லட்சம் சதுர கிலோமீட்டர் கண்டப் பாறை இருக்கிறது, அதில் 100-க்கு 94 பங்குக்குக் குறையாமல் தண்ணீருக்குள். 2017-ல் நிலவியலாளர்கள் அதை ஸீலாண்டியா என்ற கண்டமாகவே எண்ணவேண்டும் என்று எழுதினார்கள். அதன் பெரும்பகுதி 200 மீட்டரைவிட ஆழம் என்பதால் எங்கள் இளநீல விதிக்குள் வரவில்லை. அண்ணன் சாக்பீஸால் விளிம்பு மட்டும் போட்டார், பிறகு அதையே வெள்ளைப் புள்ளிக்கோடாக ஆக்கிவிட்டோம்.

சின்னத் தீவுகளின் அளவு ஒரு தனிப் பாடு. எங்கள் சுவரில் ஒரு அங்குலம் என்பது பூமத்திய ரேகையில் 185 கிலோமீட்டர். இலங்கை இரண்டேகால் அங்குலத்துக்குச் சற்று மேல் உயரத்துக்கு நன்றாக வந்தது. மொரீஷியஸுக்குக் கால் அங்குலத்துக்குச் சற்று மேல். நவூரு நாடு 21 சதுர கிலோமீட்டர்தான். உண்மை அளவில் வைத்தால் ஒரு மில்லிமீட்டர்கூட வராது, பிரஷ் முனையே அதைவிடத் தடிமன். அதனால் சமையலறை அளவில் விதி வைத்தோம்: எந்தச் சுதந்திர நாடும் கடுகைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. நவூரு, துவாலுவுக்குக் கடுகு. மால்டா, பார்படோஸுக்கு உளுந்து. கடுகுக்குத் தீக்குச்சியின் மழுங்கிய முனை, உளுந்துக்குக் காது குடையும் பட்ஸ். மாலத்தீவு தனி அழகு. வடக்கிலிருந்து தெற்கே நாலரை அங்குலத்துக்கு மேல் நீள்கிறது, அதில் கிட்டத்தட்ட 1,200 தீவுகள். இரட்டைச் சரமாக மணி கோத்ததுபோல் கடுகு வைத்துக்கொண்டே போனாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. முழங்கால் போட்டு ஒரு மணி நேரம்.

அவள் வைத்து முடித்ததும் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் எல்லாம் ஒரே வரிசையில் தெற்கே இறங்குவது எல்லோர் கண்ணிலும் பட்டது. எனக்கு இந்தப் பதிவிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன். தக்காணத்தின் கரும்பாறை, ஏறத்தாழ 6.6 கோடி வருடம் முன்பு பூமிக்குள்ளிருந்து பொங்கிய குழம்பு. அந்த அடிநெருப்பு கிட்டத்தட்ட அதே இடத்திலேயே இருக்க, மேலே இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்துகொண்டே போனது. நகர நகர நெருப்பு கடலில் எரிமலைகளை வரிசையாக எழுப்பியது. அவை அமிழ்ந்த பிறகு மேலே பவளம் வளர்ந்ததுதான் லட்சத்தீவும் மாலத்தீவும். பிறகு இரண்டு தட்டுகள் பிரியும் கடலடி விளிம்பு அந்த நெருப்பைக் கடந்து போய்விட்டது, அதனால் அப்புறம் எழுந்த மொரீஷியஸும் ரீயூனியனும் ஆப்பிரிக்கத் தட்டில் அமைந்தன. ரீயூனியனில் இன்றும் எரிமலை கக்குகிறது. தக்காணத்திலிருந்து ரீயூனியன் வரை சிவப்பில் ஒரு மெல்லிய கோடு இழுத்தோம். ஒரே அடுப்பில் வெந்தவை. ஆனால் மாலத்தீவு மஞ்சள், தெற்காசியா, சார்க் நாடு. மொரீஷியஸ் பச்சை, ஆப்பிரிக்க ஒன்றியத்தில் உறுப்பு. ரீயூனியன் பிரான்ஸின் ஒரு மாவட்டம் மாதிரி, அங்கே புழங்குவது யூரோ.

மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது என்று சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. கைபேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கரும்புத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகப்பட்டவர்களின் வாரிசுகள் அங்கேயும் ரீயூனியனிலும் ஃபிஜியிலும் இருக்கிறார்கள். இங்கே மஞ்சள், அங்கே பச்சை, செங்கல் என்று நம் ஆட்கள் மூன்று நிறத்திலும் இருக்கிறார்கள் என்று ஒருவன் எண்ணிச் சொன்னான்.

ரீயூனியனுக்காகத்தான் மூன்றாவது அடையாளம் வந்தது. உள்நிறம் பச்சை, சுற்றி ஊதா வளையம். தீவு ஒரு வட்டாரத்தில் இருந்து, வேறொரு வட்டாரத்தோடு சட்டப்படி கட்டுண்டிருந்தால் வளையம். கிரீன்லாந்துக்கு உள்ளே ஆரஞ்சு, டென்மார்க் அரசுக்காக ஊதா வளையம். ஈஸ்டர் தீவு 1888-லிருந்து சிலி நாட்டுடையது, அதற்கு ரோஸ் வளையம். சைப்ரஸுக்கு மஞ்சளும் ஊதா வளையமும், அந்தச் சண்டையும் அதோடு தீர்ந்தது. ஹவாயில் நாங்கள் பட்டியலை மீறினோம். ஹவாய் 1959-லிருந்து அமெரிக்க மாநிலம் என்பதால் எம்49 அதைத் தனியாக எழுதாமல் வட அமெரிக்காவுக்குள் அடக்கிவிடுகிறது. ஆனால் பிரான்ஸுக்குள் முழுசாக அடங்கிய ரீயூனியனை மட்டும் பிரித்து ஆப்பிரிக்காவில் வைக்கிறது. இது எனக்கு ஒப்பவில்லை. ஹவாய் பொலினீசிய மக்களின் மண். செங்கல் நிறம் அடித்து, ஆரஞ்சு வளையம் போட்டோம். பட்டியலிலிருந்து விலகியது இது என்று கீழே எழுதியும் வைத்திருக்கிறோம்.

டிரினிடாட் இன்னொரு நல்ல உதாரணம். வெனிசுவேலாவிலிருந்து 11 கிலோமீட்டர்தான், தென் அமெரிக்காவின் இளநீலத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் பேச்சும் கிரிக்கெட்டும் கூட்டமைப்பும் கரீபியன். ஏழு கண்டக் கணக்கில் கரீபியன் வட அமெரிக்காவோடு போகும். ஆரஞ்சு அடித்தோம், இளநீலமே மிச்சக் கதையைச் சொல்லிவிடுகிறது. மடகாஸ்கர் ஆப்பிரிக்காவுக்கு 400 கிலோமீட்டர் பக்கத்தில், பட்டியலில் கிழக்கு ஆப்பிரிக்கா. ஏறத்தாழ 9 கோடி வருடம் முன்பு வரை அந்த நிலம் இந்தியாவோடு ஒட்டியிருந்தது. அங்கே பேசும் மலகாசி மொழிக்கு நெருங்கிய உறவு போர்னியோவில். இதற்கு எத்தனை வளையம் போட முடியும்? பச்சை மட்டும் அடித்து, கதையை வாயால் சொல்கிறேன்.

நம் நாட்டுக்குள்ளேயே இந்தக் கேள்வி இருக்கிறது. அந்தமான் தீவுகள் மியான்மரின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி மறுபடி தலைகாட்டும் இடங்கள். நிக்கோபாரின் தென்முனையிலிருந்து சுமத்ரா 200 கிலோமீட்டருக்குள். அந்த வளைவின் அடியில்தான் 2004 டிசம்பர் 26 அன்று பூமி நகர்ந்தது. தென்முனையான இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோனது. எங்கள் கடற்கரைக்கு என்ன வந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அண்ணன் அந்தப் பகுதியை அடிக்கும்போது ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

கடைசியாக அடித்தது பாக் நீரிணை. கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான் ஆழம், அதனால் அங்கே இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே அடர்நீலத்துக்கு இடமே இல்லை. முழுக்க இளநீலம். கடலுக்குப் போகும் அப்பா ஒருவர் பிள்ளையைக் கூப்பிட வந்தவர், சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த இளநீலத்தில் விரல் வைத்து, "இது சரியா இருக்கு. இங்க எல்லாம் ஆழம் இல்ல" என்றார். பிறகு மாலத்தீவைக் காட்டி, "இங்க இப்படிக் கிடையாது, கீழ கயிறு விட்டா போய்ட்டே இருக்கும்" என்றார். கண்டத் திட்டுக்கு வெளியே இருக்கும் தீவு என்பதை நான் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியதல்லவா, அந்த வழியை வெள்ளையில் ஒரு புள்ளிக்கோடாகப் போடச் சொன்னதும் அவர்தான்.

செலவு விவரம் கேட்பவர்களுக்கு: பிரைமரும் எமல்ஷனும் சேர்த்து 14 லிட்டர். அதில் நீலம் மட்டும் பாதி, கடல் அவ்வளவு. ஆறு நிறத்துக்கும் வெள்ளை எமல்ஷனில் ஸ்டெய்னர் கலந்துகொண்டோம், தனித்தனி டப்பா வாங்கினால் கட்டுப்படியாகாது. ஒரே தடவையில் போதுமான அளவு கலந்து மூடி வைத்துவிட வேண்டும். நாங்கள் செங்கல் நிறத்தை இரண்டாம் முறை கலந்தபோது சாயல் மாறி, டோங்காவும் சமோவாவும் ஆஸ்திரேலியாவைவிடச் சிவந்துவிட்டன.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழியில் பார்த்தேன். பெரிய நிலங்கள் அசையவில்லை, உப்பு கீழ் ஓரத்தில் அரை அடிக்கு மட்டும் பூத்திருந்தது. உதிர்ந்தது கடுகுப் புள்ளிகள்தான். தீக்குச்சியால் வைக்கும்போது வண்ணம் குண்டாக நின்று, வெளியே காய்ந்து, உள்ளே பிடிக்காமல் போயிருக்கிறது. கிரிபாட்டியில் ஒன்பது, மாலத்தீவில் ஒரு சரம், துவாலு முழுசாகக் காணோம். இந்த முறை வண்ணத்தில் கால் பங்கு தண்ணீர் சேர்த்து, மெல்லிசாக இரண்டு தடவை வைக்கிறோம். முதல் தடவை வைத்தாகிவிட்டது. அந்த ஏழாம் வகுப்புப் பெண் இப்போது எட்டாம் வகுப்பு. துவாலுவை அவள்தான் வைத்தாள், பாகையை விரலால் எண்ணி, அட்லஸைப் பார்க்காமல்.

இரண்டாவது தடவை வரும் சனிக்கிழமை.